ஜெயித்தவர் மனம் மட்டும்தான் வலிமையானதா? வெற்றியின் உளவியல்: ஒரு விளக்கம்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான 14ஆவது, கடைசி ஆட்டம். இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளி (வென்றால் ஒன்று, டிரா என்றால் அரை). பலகையில் ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப். குகேஷிடம் இரண்டு சிப்பாய், நடப்பு சாம்பியனான சீனாவின் டிங் லிரெனிடம் ஒன்று. டிராவில் முடியும், மறுநாள் விரைவு ஆட்டத்தில் பட்டம் முடிவாகும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்த பலரும் நினைத்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையைக் கொண்டுபோய் குகேஷின் யானைக்கு எதிரே வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. அடுத்து பிஷப்புகளும் வெட்டுப்பட்டே ஆகவேண்டும். அப்புறம் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும். அதில் குகேஷின் வெற்றியை யாராலும் தடுக்க முடியாது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது இவ்வளவு நேரடியாக எப்போதாவதுதான் நடக்கும். 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

மறுநாள் தொடங்கி தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே சொல்தான்: மனவலிமை. மனப்பயிற்சியாளர் பேடி அப்டன் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. 2011 உலகக்கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் இருந்தவர் அவர் என்பதால் கதை இன்னும் கச்சிதமாகப் பொருந்தியது. குகேஷ் மனதால் ஜெயித்தார், டிங் மனதால் தோற்றார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இந்த வரி எவ்வளவு தூரம் உண்மை? விளையாட்டு, தொழில், படிப்பு எதிலும் வெற்றிக்கு மனம் எவ்வளவு காரணம்? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எண்கள் சொல்வது வேறு

செஸ்ஸில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஈலோ என்ற தரப்புள்ளி இருக்கிறது. இருவருடைய புள்ளிகளுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு யார் எவ்வளவு எடுப்பார் என்று கணக்கிடலாம். 2024 நவம்பர் பட்டியலில் குகேஷுக்கு 2783, டிங்குக்கு 2728. இடைவெளி 55. இதற்கு ஈலோ சூத்திரம் தரும் விடை: குகேஷ் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 0.58 புள்ளி எடுக்கவேண்டும். 14 ஆட்டத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 8.1.

அவர் எடுத்தது 7.5.

அதாவது குகேஷ் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகவே எடுத்தார். டிங் சற்று அதிகமாக எடுத்தார். அதுவும் எந்த டிங்? 2023இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வால் அவதிப்பட்டதை வெளிப்படையாகவே சொன்னவர். 2024 ஜனவரிக்குப் பிறகு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம் ஒன்றில்கூட வெல்லாமல் சிங்கப்பூருக்கு வந்தவர். வந்ததும் முதல் ஆட்டத்தையே கருப்புக் காயில் வென்றார். டிசம்பர் 8 அன்று 11ஆவது ஆட்டத்தில் தோற்று, பட்டம் கைநழுவிப் போகிற நிலையில், மறுநாளே 12ஆவது ஆட்டத்தை வென்று சமன் செய்தார்.

மனவலிமைக்கு ஒரு எடுத்துக்காட்டு கேட்டால் அந்த 12ஆவது ஆட்டத்தைத்தான் காட்டவேண்டும். ஆனால் தோற்றவரின் மனவலிமையைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. இதனால் குகேஷின் பெருமை ஒரு துளியும் குறையாது. அவர்தான் வலுவான ஆட்டக்காரர், வலுவானவர் ஜெயித்தார். நம் கதை சொல்லும் முறையில்தான் கோளாறு: முடிவைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மனதை ஆட்டக்காரருக்குள் பொருத்துகிறோம்.

வெற்றிக்குள் என்னென்ன இருக்கின்றன?

எந்த வெற்றியையும் நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. திறமை. பல ஆண்டுகளில் சேர்ந்தது. ஒரே நாளில் ஏறாது, ஒரே நாளில் இறங்காது.

2. அன்றைய ஆட்டம். இருக்கிற திறமையில் எவ்வளவு அன்றைக்கு வெளியே வந்தது என்பது. தூக்கம், உடல்நிலை, பதற்றம் எல்லாம் இங்கேதான் விளையாடும். மனப்பயிற்சி நேரடியாகத் தொடக்கூடிய இடம் பெரும்பாலும் இதுதான்.

3. எதிராளியின் ஆட்டம். நம் கையில் இல்லை.

4. வாய்ப்பும் சூழலும். இதுவும் நம் கையில் இல்லை. இதைப் பேசினால் ஜெயித்தவரைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 2022இல் அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் தன் பட்டத்தைக் காக்க இனி விளையாடப் போவதில்லை என்று அறிவித்தார். சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் இரண்டாவதாக வந்த டிங்குக்குப் பட்டப் போட்டி கிடைத்தது அதனால்தான். அந்த கேண்டிடேட்ஸுக்கே அவர் வந்தது, ரஷ்ய வீரர் கர்யாகினுக்குத் தடை விதிக்கப்பட்டு ஓர் இடம் காலியானதால். குகேஷ் பக்கமும் இப்படித்தான். 2023 டிசம்பரில், ஆண்டு முடியப் போகிற நேரத்தில், தமிழ்நாடு அரசின் ஆதரவோடு சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி அவசரமாக ஏற்பாடானது. அதை வென்றதில் கிடைத்த புள்ளிகள் ஃபிடே சர்க்யூட் (உலக செஸ் கூட்டமைப்பின் ஆண்டுப் புள்ளிப்பட்டியல்) வழியாக அவரை டொராண்டோ கேண்டிடேட்ஸுக்கு அனுப்பின. சர்க்யூட்டில் முதலிடம் பிடித்த கருவானா ஏற்கெனவே வேறு வழியில் தகுதி பெற்றிருந்ததால் அந்த இடம் குகேஷுக்கு இறங்கி வந்தது.

கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்த அசாத்தியத் திறமை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், அதே மனம், அதே உழைப்பு, வேறு முடிவு.

அடி உதவுகிற மாதிரி

அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்ற பழமொழியை நம்பாத வீடு நம் ஊரில் குறைவு. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு புள்ளியியல் விளக்கம் இருக்கிறது. பெயர் ‘சராசரிக்குத் திரும்புதல்’. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்தபோது கண்டது இது. மிக உயரமான பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை.

மனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது, பாராட்டினால் கற்பவர்கள் நன்றாகச் செய்வார்கள் என்றார். அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளர் மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான், நான் கண்ணால் பார்த்தது இது என்பது அவர் வாதம்.

அவர் பார்த்தது பொய்யில்லை. காரணம்தான் தவறு. ஒருவர் மிக நன்றாக ஓட்டிய நாளில் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த நாள் அந்த அதிர்ஷ்டம் வராது. ஓட்டம் வழக்கமான அளவுக்கு இறங்கும். மோசமான நாளுக்கு அடுத்த நாள் இதே காரணத்தால் ஏறும். பாராட்டினாலும் திட்டினாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும், அது நடந்தே தீரும். ஆனால் நாம் மோசமான நாளில்தான் திட்டுகிறோம், நல்ல நாளில்தான் பாராட்டுகிறோம். அதனால் திட்டு பலிப்பது போலவும் பாராட்டு கெடுப்பது போலவும் வாழ்நாள் முழுக்க நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கணக்கில் 40 எடுத்த பையனை அடித்தபின் அவன் 58 எடுக்கிறான். பழமொழிக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது!

2025இல் குகேஷுக்கு நடந்ததையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். ஜூன் 1 அன்று நார்வேயில் கார்ல்சனைக் கிளாசிக்கல் ஆட்டத்தில் வென்றார். ஜெயிக்கவேண்டிய நிலையைக் கோட்டைவிட்ட கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தியதை உலகமே பார்த்தது. இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த செஸ் மூளைக்கும் அது நடக்கிறது. செப்டம்பரில் கிராண்ட் சுவிஸ் போட்டியில் குகேஷ் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றார். நவம்பரில் கோவா உலகக்கோப்பையில் மூன்றாம் சுற்றிலேயே வெளியேறினார். பட்டம் வந்ததும் மனசு மாறிவிட்டது, பசி போய்விட்டது என்று அடுக்கினார்கள். இருக்கலாம். ஆனால் அந்த விளக்கம் எதுவுமே இல்லாமலும் ஓர் உச்சத்துக்குப் பிறகு சரிவைத்தான் எதிர்பார்க்கவேண்டும். மனசைக் காரணம் காட்டுவதற்கு முன் இந்தச் சாதாரணக் காரணத்தைக் கழித்துப் பார்ப்பது நல்லது.

தொழில் உலகம்: ஜெயித்தவர்களிடம் மட்டும் கேட்பது

விளையாட்டிலாவது ஈலோ போன்ற அளவுகோல் உண்டு. தொழிலில் அதுவும் இல்லை. அதனால் அங்கே கதைகளின் ராஜ்ஜியம்தான். கோளாறு இரண்டு வகை.

1. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவது. கல்லூரியை விட்டு வெளியேறி கம்பெனி தொடங்கிக் கோடீஸ்வரர் ஆனவர்களின் பேட்டியைப் படிக்கிறோம். அதேபோல் வெளியேறி, கடனாகி, இப்போது வேறு வேலை பார்ப்பவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. துணிச்சல் இருவருக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களை (ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்) மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தரவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் பியர் அசூலே உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள். தொடங்கும்போது நிறுவனர்களின் சராசரி வயது 45. இருபது வயதுத் துடிப்பு என்பது நம் மனதில் தங்கிய சிலரின் முகங்களால் வந்த பிம்பம்.

2. ஒளிவட்டம். ஒருவரிடம் ஒரு நல்ல குணம் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நல்லதாகவே மதிப்பிடுவோம் என்று 1920இலேயே எட்வர்ட் தார்ன்டைக் காட்டினார். நிறுவனங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். லாபம் வரும்போது தலைவர் உறுதியானவர். நஷ்டம் வரும்போது அதே ஆள் பிடிவாதக்காரர். ஒருமுனைக் கவனம் குறுகிய பார்வை ஆகிவிடும். நிறுவனத்துக்குள் எதுவும் மாறியிருக்காது, பங்கு விலை மட்டும் மாறியிருக்கும்.

2001இல் வெளியாகி உலகெங்கும் விற்ற ஒரு நிர்வாக நூல், 1,435 நிறுவனங்களை அலசி, சாதாரண நிலையிலிருந்து மகத்தான நிலைக்குப் போனவை என்று 11ஐப் பொறுக்கியது. அவற்றின் தலைவர்களின் பணிவையும் மனஉறுதியையும் பாடமாக வைத்தது. அந்த 11இல் சர்க்யூட் சிட்டி 2008 நவம்பரில் திவாலானது. ஃபேனி மே அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டுக்குப் போனது. வெல்ஸ் ஃபார்கோ, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் தொடங்கியதற்காக 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

ஆயிரத்துச் சொச்சம் நிறுவனங்களிலிருந்து மிகச் சிறந்த 11ஐ எடுத்தால், அதில் சில அதிர்ஷ்டத்தால் வந்திருக்கும். பின்னால் சராசரிக்குத் திரும்பும். எந்த நகரத்தில் எந்தக் கடைத்தெருவில் செய்தாலும் இதே முடிவுதான்.

பயிற்சி, விடாமுயற்சி, மனப்பாங்கு

இந்த மூன்றும்தான் ஊக்கப் பேச்சாளர்களின் மூலதனம். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று வேகமாகப் பார்த்துவிடலாம்.

பத்தாயிரம் மணி நேரம். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு, பெர்லினில் வயலின் பயின்றவர்களை ஆராய்ந்தது. மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். சராசரிதான், அதைவிடக் குறைவாகச் செய்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஊடகங்களில் அது ‘பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் உச்சத்தைத் தொடலாம்’ என்ற விதியாகிவிட்டது. அர்ஜென்டினா செஸ் வீரர்களை ஆராய்ந்த கோபே, கம்பிடெல்லி இருவரும் 2007இல் வெளியிட்ட எண்கள் இந்த விதியைப் போட்டு உடைக்கின்றன: மாஸ்டர் தரத்தை ஒருவர் 3,016 மணி நேரத்தில் எட்டினார், இன்னொருவருக்கு 23,608 மணி நேரம் ஆனது. அதைவிட அதிகம் உழைத்தும் எட்டாதவர்களும் உண்டு. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மெக்னமாரா குழுவின் முடிவு: ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வேறுபாட்டில் செஸ் போன்ற விளையாட்டுகளில் 26%, இசையில் 21%, உடல்சார்ந்த விளையாட்டுகளில் 18% மட்டுமே திட்டமிட்ட பயிற்சியால் விளங்கும். உச்ச நிலை வீரர்களை மட்டும் எடுத்தால் 2016 தொகுப்பின்படி அது 1% அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஏனென்றால் அங்கே எல்லாருமே வெறித்தனமாகப் பயிற்சி செய்பவர்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்பது உள்ளே நுழைவதற்கான விதி. நுழைந்தவர்களில் யார் முதல் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

விடாமுயற்சி. ‘கிரிட்’ என்ற பெயரில் 2007 முதல் பிரபலம். 2017இல் வந்த தொகுப்பாய்வு, இது உளவியலில் ஏற்கெனவே தெரிந்த ‘பொறுப்புணர்வு’ என்ற குணத்தோடு மிகவும் ஒத்துப்போகிறது, புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான் என்றது.

வளரும் மனப்பாங்கு. அறிவு பிறவியிலேயே முடிவானதல்ல, வளர்க்கலாம் என்று நம்புவது. கேரல் டுவெக்கின் கருத்து. 2019இல் அமெரிக்கா முழுவதும் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடம். பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண், 4 புள்ளி அளவுகோலில் 0.1 உயர்ந்தது. கிட்டத்தட்ட செலவே இல்லாத பாடத்துக்கு இது மோசமில்லை. அதற்காக வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மந்திரம் என்று விற்கமுடியாது.

இவற்றோடு மார்ஷ்மெல்லோ சோதனையையும் சேர்க்கலாம். இனிப்பை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் ஜெயிக்கும் என்று சொல்லப்பட்டது. 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. நாளைக்கும் வீட்டில் சோறு இருக்கும் என்று தெரிந்த குழந்தைக்குக் காத்திருப்பது சுலபம், அவ்வளவுதான்.

அழுத்தம் மனதை என்ன செய்கிறது?

இங்கேதான் உளவியல் உறுதியான தரையில் நிற்கிறது. அதற்கான ஒரு முக்கியமான சோதனை நடந்தது மதுரைப் பகுதியில்.

2009இல் வெளியான அந்த ஆய்வில் 87 பேர் கலந்துகொண்டார்கள். நினைவாற்றல், கைத்திறன், யோசனை தேவைப்படும் ஆறு விளையாட்டுகள். ஒவ்வொன்றிலும் மிக நன்றாகச் செய்தால் ஒரு குழுவுக்கு 4 ரூபாய், இன்னொன்றுக்கு 40, மூன்றாவதற்கு 400. ஆறையும் ஜெயித்தால் மூன்றாவது குழுவில் ஒருவருக்கு 2,400 ரூபாய் வரை கிடைக்கும். அந்தப் பகுதியில் ஒருவர் சராசரியாக அரையாண்டில் செலவழிக்கும் தொகை அது. பணம் அதிகமானால் முயற்சியும் அதிகமாகும், ஆட்டமும் மேம்படும் என்றுதானே நினைப்போம்? 4 ரூபாய்க் குழுவும் 40 ரூபாய்க் குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்தன. 400 ரூபாய்க் குழுதான் எல்லாரையும்விட மோசம்.

87 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனால் ‘அழுத்தத்தில் திணறல்’ பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. அது இரண்டு வழிகளில் நடக்கிறது.

1. செயல்நினைவு நிரம்பிப்போவது. ஒரே நேரத்தில் மனதில் வைத்துப் புரட்டிப் பார்க்கக்கூடிய இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். அது மிகச் சின்ன இடம். ‘தோற்றால் என்ன ஆகும்’ என்ற எண்ணம் அதில் பாதியை அடைத்துக்கொண்டால், கணக்குப் போட மிச்சம் இருப்பது பாதிதான். செஸ், தேர்வு, பேரம் பேசுதல் போன்ற யோசிக்கும் வேலைகளில் நடப்பது பெரும்பாலும் இது. டிங்கின் 55ஆவது நகர்த்தலில் யானை வெட்டுப்படுவதைப் பார்க்க யாருக்கும் முடியும். அதற்கு அடுத்து பிஷப்புகளும் போகும் என்ற ஒரு படிதான் விடுபட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த பிறகு, 14 ஆட்டங்களின் களைப்போடு விடுபட்ட ஒரு படி.

2. தானாக நடப்பதைக் கையில் எடுத்துக்கொள்வது. பழகிய உடல் வேலைகள் யோசிக்காமலே நடக்கும். அழுத்தம் வந்ததும் ‘மணிக்கட்டு சரியாகத் திரும்புகிறதா’ என்று கவனிக்கத் தொடங்குகிறோம், வேலை குலைகிறது. சையன் பெய்லாக் குழு கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் இதைக் காட்டியது. புதிதாகக் கற்பவர்களுக்கு அசைவைக் கவனிப்பது உதவுகிறது, தேர்ந்தவர்களுக்குக் கெடுக்கிறது.

கால்பந்தின் பெனால்டி ஷூட்அவுட் (சமனில் நிற்கும் ஆட்டத்தை, இரு அணியும் மாறிமாறி கோலுக்கு உதைத்து முடிவு செய்வது) இதற்கு நல்ல ஆய்வுக்கூடம். தூரம் 11 மீட்டர். அது மாறுவதே இல்லை. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் ஷூட்அவுட்களைப் பார்த்தார். ‘போட்டால் வெற்றி’ என்ற நிலையில் 90%க்கு மேல் கோல். ‘தவறினால் தோல்வி’ என்ற நிலையில் சுமார் 60%. பந்தும் வலையும் ஒன்றுதான், மனதில் ஓடும் வாக்கியம்தான் வேறு. பதற்றத்தில் இருப்பவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று அவசரமாக உதைப்பதையும் அவர் கவனித்தார். அதில் முன்னணியில் இருந்தவர்கள் இங்கிலாந்து வீரர்கள். 2018க்கு முன் பெரிய போட்டிகளில் 7 ஷூட்அவுட்களில் 6இல் தோற்ற அணி அது.

எது வேலை செய்கிறது?

இங்கிலாந்து செய்தது ஊக்கப் பேச்சு இல்லை. நடைமுறையை மாற்றினார்கள். யார் எந்த வரிசையில் உதைப்பது என்று முன்கூட்டியே முடிவானது. விசில் ஊதிய பிறகு அவசரப்படாமல் மூச்சை இழுத்து விட்டு உதைக்கப் பழகினார்கள். 2018 உலகக்கோப்பையில் கொலம்பியாவை வென்றார்கள். 2021இல் யூரோ இறுதியில் இத்தாலியிடம் தோற்றார்கள். 2024இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். நல்ல நடைமுறையும் சில நாள் தோற்கும். முன்பு ஏழில் ஒன்று, பிறகு மூன்றில் இரண்டு. மனப்பயிற்சியிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இந்த அளவு முன்னேற்றம்தான். மூன்றே ஆட்டங்களை வைத்து அதைக்கூட அடித்துச் சொல்லமுடியாது.

ஆய்வில் ஓரளவு நிலைத்து நின்ற வழிகள் இவை:

1. முன்சடங்கு. செயலுக்கு முன் எப்போதும் ஒரே மாதிரிச் செய்யும் சின்ன வரிசை. குகேஷ் பலகை முன் கண்ணை மூடி உட்காருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். செயல்நினைவில் கவலை புகும் இடத்தை இது அடைத்துவைக்கிறது.

2. ‘இப்படி ஆனால் இப்படி’ திட்டம். பீட்டர் கோல்விட்சர் 1990களில் வளர்த்தெடுத்தது. ‘இனி நன்றாகப் படிப்பேன்’ என்பது ஆசை. ‘ராத்திரி சாப்பிட்டுக் கைகழுவியதும் மொட்டைமாடிக்குப் போய் இயற்பியல் புத்தகத்தைத் திறப்பேன்’ என்பது திட்டம். 94 சோதனைகளின் தொகுப்பில் இதன் விளைவு நடுத்தர அளவுக்கு மேலேயே வந்தது. ஆய்வகத்துக்கு வெளியே விளைவு சிறுத்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு அமெரிக்க நிறுவனத்தில் ஊழியர்களை ஃப்ளூ தடுப்பூசி போட வரும் தேதியையும் நேரத்தையும் தங்கள் கையால் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டவர்கள் 33.1%இலிருந்து 37.1% ஆனார்கள். நாலு பேனாக் கோட்டுக்கு நாலு சதவீதம் லாபம்தான்.

3. தோல்விக்குப் பிந்தைய திட்டம். தோற்ற அன்று ராத்திரி என்ன செய்வது, யாரோடு பேசுவது, எப்போது தூங்குவது என்று முன்பே முடிவு செய்துவைப்பது. அப்டன் குகேஷோடு சேர்ந்து கவனித்த விஷயங்களில் தூக்கமும் ஓய்வு நேரமும் உண்டு. தொலைக்காட்சிக்கு உவப்பான செய்தி இல்லை இது. ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்றவர் மூன்றாவதை வென்றதற்கும், 12ஆவதில் தோற்றவர் 14ஆவது வரை தாக்குப்பிடித்ததற்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம்.

வேலை செய்யாததில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: வெற்றியைக் கண்மூடிக் கற்பனை செய்வது. கேப்ரியேல் ஓட்டிங்கன் நடத்திய ஆய்வுகளில், நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கனவு கண்ட பட்டதாரிகள் பின்னர் குறைவாக விண்ணப்பித்தார்கள், குறைவான சம்பளம் பெற்றார்கள். மனம் ஏற்கெனவே வென்றுவிட்டதாக நினைத்து ஓய்ந்துவிடுகிறது. வழியில் வரும் தடையையும் சேர்த்து யோசிப்பவர்களுக்குத்தான் கற்பனை உதவுகிறது.

வீட்டுக்கும் பள்ளிக்கும் இதனால் என்ன?

நம் வீடுகளில் அழுத்தம் என்றால் முதலில் வருவது நுழைவுத் தேர்வு. பிள்ளைகளை மனப்பயிற்சி முகாமுக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். முன்சடங்கும் படிப்புத் திட்டமும் ஒரு பக்கத்தில் எழுதித் தரக்கூடியவை. அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் தேவையில்லை. மேலே பார்த்த மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு கேள்வி எழுகிறது: மாற்றவேண்டியது பிள்ளையின் மனதையா, தேர்வு நடக்கும் முறையையா?

ஒரே நாளில் எடுக்கும் ஒரே அளவீட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். காய்ச்சல், பேருந்து தாமதம், தெரிந்த கேள்வி வந்தது, வராதது. பயிற்சி விமானி ஒரே ஒரு நாள் ஓட்டியதை வைத்து அவரை எடைபோட முடியாது என்பதற்கு இதுதான் காரணம். பரிசு வாழ்க்கையளவு பெரிதானால் ஆட்டம் கெடும் என்பதை 400 ரூபாய்க் குழு காட்டியது. ‘தவறினால் தோல்வி’ என்ற நிலையில் 11 மீட்டர் பந்துகூடத் தவறுகிறது. நீட் தேர்வில் இந்த மூன்றும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கின்றன: 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர், 720 மதிப்பெண், ஆண்டுக்கு ஒரே நாள்.

ஜேஇஇ மெயின் 2019 முதல் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது, இரண்டில் நல்ல மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படுகிறது. முதல் முறை எழுதும் பிள்ளை இன்னொரு தேதி இருக்கிறது என்று தெரிந்து உட்காருகிறது. அதிர்ஷ்டத்தின் பங்கும் குறைகிறது, மனதில் ஓடும் வாக்கியமும் மாறுகிறது. 17 வயதுப் பிள்ளைக்கு எந்த மனப்பயிற்சியாளராலும் தரமுடியாத நிம்மதியை ஒரு தேர்வு முகமையால் தரமுடியும். செலவும் ஏற்பாடும் அதிகம் என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் அந்தச் செலவு இப்போதும் ஏற்படுகிறது. அதைக் குடும்பங்கள் இன்னோர் ஆண்டுக் கோச்சிங்காகக் கட்டிக்கொண்டிருக்கின்றன.